மீதி பத்து

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்தொரு வயதுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் காலிப் பெட்டி யார்டின் கேட்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு, மாதக் கடைசியில் வேறு வேலைக்குப் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று மேனேஜர் சொன்னார். கணினியில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் பயிற்சித் தாளில் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது ஓர் எண்ணைப் பற்றி. 4187520. நாற்பத்தொரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூற்று இருபது.

அது ஒரு கன்டெய்னரின் எண். முன்னால் நாலு ஆங்கில எழுத்துகள் உண்டு. பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்று காட்டுபவை. அவற்றை இங்கே எழுதவில்லை. யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், இருந்தாலும் ஒருமுறை. ஏழு இலக்கத்தில் கடைசி இலக்கம் மட்டும் பெட்டியில் ஒரு சதுரக் கட்டத்துக்குள் எழுதியிருக்கும். அது கம்பெனிக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் இலக்கம் அல்ல. முன்னால் இருக்கும் நாலு எழுத்திலிருந்தும் ஆறு இலக்கத்திலிருந்தும் பிறப்பது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இடமிருந்து வலமாக முதலாவதை ஒன்றால் பெருக்க வேண்டும், அடுத்ததை இரண்டால், அதற்கடுத்ததை நாலால். இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது இடத்துக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரும். எல்லாவற்றையும் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம். ஒரே ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும் மீதி மாறிவிடும், கணினி சிவப்பு காட்டும்.

நான் கணிதத்தில் எம்.எஸ்சி. எங்கள் சாத்தான்குளத்து வீட்டில் ஏற்கெனவே மூன்று பேர் ஆசிரியர்கள். நாலாவதாக ஒருத்தி தேவைப்படவில்லை என்று நினைத்து இந்த வேலைக்கு வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பதினொன்றின் மேல் எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது. யாரோ உட்கார்ந்து யோசித்து, எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுக்கும்போது பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்து மூன்று ஆகிய மூன்றையும் தாண்டிப் போயிருக்கிறார்கள். பதினொன்றால் வகுபடும் மதிப்பு ஓர் எழுத்துக்கு இருந்தால் அந்த எழுத்து மீதியில் ஒரு தடயமும் விடாது என்பதால். இதை நான் யாரிடமாவது சொல்லாத நாள் கிடையாது. கேட்டில் வண்டி இல்லாத நேரங்களில் பெட்டி எண்களைக் காரணிப்படுத்திப் பார்ப்பேன். இந்த எண் பகா எண்ணா, இது எதன் மடங்கு என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருப்பேன். பெயின்ட் அடிக்கும் அந்தோணி அண்ணன் கடந்து போகும்போது கேட்பார்:

“ஏளா ஜெபா, பெட்டிய எழுதுதியா, இல்ல பெட்டிக்கு ஜாதகம் பாக்கியா?”

இதெல்லாம் சேர்ந்துதான் அந்தத் தவறு.

புரட்டாசி மாதம், காலை பத்தரை மணி. கேட்டுக்கு வெளியே பதினைந்து வண்டி நின்றது. சுடலைமுத்து என்ற ஓட்டுநர் ஒரு தொழிற்சாலையில் சரக்கு இறக்கிய காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். குலசேகரன்பட்டினத்துக்காரர். தசராவுக்கு மாலை போட்டிருந்தார். சிவப்பு வேட்டி, வெறுங்கால். வண்டியிலிருந்து இறங்கி வந்து போனை நீட்டினார்.

“பெட்டி நம்பர் இதுல வந்திருக்கு தாயி. பாத்துக்கோ.”

“பெட்டியத்தான் பாக்கணும் அண்ணாச்சி. போன்ல உள்ளதெல்லாம் எடுக்க மாட்டோம்” என்றேன்.

இது நம் யார்டின் விதி, நல்ல விதியும்கூட. ஓட்டுநர்களின் போனில் வரும் எண்ணை யாரோ கையால் தட்டி அனுப்பியிருப்பார்கள். பாதி நாள் தப்பாக இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துத்தான் பதிய வேண்டும்.

கதவில் எழுதியிருந்த எண்ணின் மூன்றாவது இலக்கத்தின் மேல் துரு வழிந்திருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பக்கவாட்டிலும் எண் எழுதியிருக்கும். ஆனால் அடுத்த வரிசை வண்டி ஒட்டினாற்போல் நின்றது. அதை நகர்த்தச் சொன்னால் ஐந்து நிமிடம் ஆகும். பின்னாலிருந்து ஒருவர் ஹாரனை அழுத்தியபடியே கத்தினார்:

“ஏலே, அங்கன என்ன பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கியளா? வண்டிய எடுலே!”

நான் எட்டு என்று வைத்து மனதுக்குள் கூட்டினேன். எழுத்துகளுக்கு 438. இலக்கங்களுக்கு 3808. ஆக 4246. அது பதினொன்றின் முந்நூற்று எண்பத்தாறு மடங்கு. மீதி பூஜ்யம். கட்டத்துக்குள்ளும் பூஜ்யம், அது மட்டும் துருப்பிடிக்காமல் தெளிவாக இருந்தது. தட்டினேன். கணினியும் பச்சை காட்டியது.

சுடலைமுத்து அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். சீட்டில் இருக்கும் எண்ணை அவர் வாசித்துப் பார்க்கவில்லை. பின்னால் பதினைந்து வண்டி நிற்கும்போது யாரும் வாசிப்பதில்லை.

கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் மிச்சம் 418752. அடுத்த வண்டி வந்து நிற்பதற்குள் அதைக் காரணிப்படுத்திவிட்டேன். அறுபத்து நாலு பெருக்கல் 6543. ஆறு, ஐந்து, நாலு, மூன்று என்று படிக்கட்டுபோல் இறங்குகிற எண். அப்படி ஒன்று கையில் கிடைப்பது அபூர்வம். அன்று முழுவதும் அந்தச் சந்தோஷம் இருந்தது. எட்டுக்குப் பதிலாக மூன்றை வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. விடை கிடைத்த பிறகு யார் தேடுவார்கள்?

இன்னொன்றும் செய்தேன். பெட்டியின் நிலையைக் குறிக்கும் தாளில், ‘கதவுக்கு பெயின்ட், எண் மங்கல், எல்லாப் பக்கமும் புதிதாக எழுதவும்’ என்று குறித்தேன். முறைப்படி செய்ததுதான். அந்தோணி அண்ணன் பழைய எண்ணை உரசி எடுத்துவிட்டு, பதிவில் உள்ளபடி புதிதாக எழுதினார். நாலு பக்கமும், கூரையிலும், வெள்ளை வெளேரென்று. 4187520.

பதினைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே பெட்டிக்குச் சொந்தமான கம்பெனியின் அதிகாரி ஒருவர் இருந்தார். லாரி முதலாளி இருந்தார். சுடலைமுத்து அண்ணாச்சி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. அவருடைய துறைமுக பாஸ் மேனேஜரின் மேசைமேல் இருந்தது. அந்த அட்டை இல்லாமல் ஓட்டுநர் எந்தக் கேட்டுக்குள்ளும் போக முடியாது. அதாவது வண்டியே ஓட்ட முடியாது.

விஷயம் இதுதான். தொழிற்சாலையிலிருந்து அவர் ஏற்றிய பெட்டி 4137520. கேட்டில் அவர் நீட்டிய போனில் வந்திருந்ததும் அந்த எண்தான். அது எந்த யார்டுக்கும் திரும்பி வரவில்லை என்று கம்பெனிப் பதிவு சொன்னது. நம் கேட்டில் அவர் இறக்கியதாக இருப்பது 4187520. எண்ணில் மூன்று உள்ள பெட்டியை வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த, எட்டு உள்ள பெட்டியைக் கொண்டுவந்து கணக்கை நேர்செய்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. காலிப் பெட்டிகள் அப்படிக் காணாமல் போவது உண்டு; கடையாக மாறும், தோட்டத்தில் குடோனாக நிற்கும். மறுநாள் பதினோரு மணிக்குப் போலீஸில் புகார் கொடுப்பதாக இருந்தார்கள்.

“நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது” என்றார் அதிகாரி.

“நடுவுல ஒண்ணும் நடக்கல சார். ஏத்துன பெட்டியத்தான் எறக்குனேன். டீ குடிக்கக்கூட நிறுத்தல. மாலை போட்டுக்கிட்டு பொய் சொல்லுவனா?”

எட்டு உள்ள பெட்டி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். தங்கள் பதிவில் அது வேறொரு துறைமுகத்தில் கிடப்பதாக இருக்கிறது, பதிவு பழசாக இருக்கும் என்று சொல்லி அதிகாரி அதைக் கடந்து போனார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். குறைந்துபோன பெட்டியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். கூடுதலாக வந்த பெட்டி எங்கிருந்து வந்தது என்று யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

கேட் கேமரா எடுத்த படத்தை மேனேஜர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். துரு. “மூணா எட்டான்னு தெரியலியேம்மா, ஜெபா.”

“போட்டோவுல தெரியாது சார். கணக்குல தெரியும்” என்று எழுந்தேன்.

வெள்ளைப் பலகையில் எழுதினேன். இரண்டின் அடுக்குகள், கூட்டுத்தொகை, பதினொன்றால் வகுத்த மீதி. பிறகு நிரூபணம். ஓர் இலக்கத்தை ஒருவர் தவறாக வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியான இலக்கத்துக்கும் தவறானதுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் இருக்கும். அதை இரண்டையே திரும்பத் திரும்பப் பெருக்கி வந்த ஓர் எண்ணால் பெருக்குகிறோம். பதினொன்று பகா எண். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எதையும் அது வகுக்காது. இரண்டின் அடுக்குகளையும் வகுக்காது. ஆகவே பெருக்கி வந்ததையும் வகுக்காது. எனவே மீதி மாறியே தீரும். எட்டுக்கு மீதி பூஜ்யம், கட்டத்திலும் பூஜ்யம். ஆகவே இது மூன்றாக இருக்கவே முடியாது.

அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஐந்து வருடம் படித்ததற்கு அன்றுதான் ஓர் அறை நிறைய ஆட்கள் கிடைத்தார்கள்.

சுடலைமுத்து அண்ணாச்சி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த மூணுக்கும் இதே கணக்கப் போட்டுப் பாத்தியா தாயி?”

“போடவே வேண்டாம் அண்ணாச்சி. அதுக்குப் பேருதான் நிரூபணம்.”

“அப்ப நான் மாலை போட்டுக்கிட்டு நிக்கது?”

“கணக்குக்கு மாலையெல்லாம் தெரியாது அண்ணாச்சி.”

லாரி முதலாளி சிரித்துவிட்டார். அதிகாரி தன் நோட்டை மூடினார். கூட்டம் முடிந்தது.

மாலையில் முத்தையாபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்கு ஒரு சின்ன உறுத்தல். குற்ற உணர்ச்சி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்ற அளவில்தான். மூன்றுக்கு மீதி என்ன வரும் என்று கூட்டிவிட்டால் நிரூபணம் முழுமையாகிவிடும். நாளைக்கு மேனேஜரிடம் அதையும் சொல்லலாம்.

எட்டு மூன்றானால் ஐந்து குறையும். மூன்றாவது இலக்கத்தின் பெருக்கு எண் அறுபத்து நாலு. ஐந்து அறுபத்து நாலு முந்நூற்று இருபது. 4246-இல் அதைக் கழித்தால் 3926. பதினொன்றின் முந்நூற்று ஐம்பத்தாறு மடங்கு 3916. மீதி பத்து.

பத்து. பூஜ்யம் இல்லை. மீதி மாறத்தான் செய்திருக்கிறது, நான் சொன்னது சரி என்று ஒரு நிறுத்தம் வரை நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில்தான் தோன்றியது: மீதி பத்து வந்தால் கட்டத்துக்குள் என்ன எழுதுவார்கள்?

பதினொன்றால் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் பதினொன்று. இலக்கங்கள் பத்துதான். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்தாகிவிட்டது. மிஞ்சி நிற்கும் பத்துக்கு இடம் இல்லை. அதனால் அதற்கும் பூஜ்யம் என்றே எழுதுவார்கள். பத்து வரும் எண்களைப் பெட்டிக்கு வைக்காமல் இருப்பது நல்லது என்று ஓர் ஆலோசனை உண்டு. சில கம்பெனிகள் கேட்கின்றன, சில கேட்பதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ‘மீதி பத்து எனில் பூஜ்யம்’ என்ற வரியைப் பயிற்சித் தாளில் தட்டச்சு செய்ததே நான்தான். அது எனக்கு ஒரு நடைமுறைக் குறிப்பாக இருந்தது. என் நிரூபணத்தில் அது ஓட்டை என்று தெரியாமல் போயிற்று.

ஆக, 4187520-உம் சரி, 4137520-உம் சரி. இரண்டுக்கும் கணினி பச்சைதான் காட்டும். மீதிகளைப் பற்றி நான் சொன்னதில் பிழையில்லை; ஆனால் பெட்டியின் மேல் எழுதுவது மீதியை அல்ல, இலக்கத்தை.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு சாயங்காலம் வரும். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டியில் புது எழுத்தில் எட்டு என்று இருக்கிறது. பதிவில் எட்டு. பழைய எண்ணை உரசி எடுத்தாயிற்று. அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கப் போவதில்லை. அதே நேரம், மூன்று என்பதும் நிரூபணம் ஆகவில்லை. அவர் பெட்டியை மாற்றியிருக்கவும் கூடும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: மத்தியானம் நான் நிச்சயம் என்று சொன்னது நிச்சயமில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மேனேஜருக்குப் போன் செய்தேன்.

“சார், மத்தியானம் நான் போட்ட கணக்கு செல்லாது.”

“எந்தக் கணக்கு?”

“போர்டுல போட்டது சார்.”

“ஏம்மா, எல்லாரும் ஒத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயாச்சு. இப்ப வந்து சொல்லுதியே!”

“கதவுல தகடு இருக்கும்லா சார். பெட்டி செஞ்சப்ப அடிச்சது. அதுல நம்பர் இருக்கும். அதப் பாத்திருவோம்.”

“பெட்டி அடியில கெடக்கு. மேல மூணு பெட்டி. நாளைக்குக் கப்பல் வேலை. தூக்குத வண்டிய எங்கன இருந்து தர?”

“பதினோரு மணிக்குப் புகார் குடுக்கப் போறாங்க சார்.”

பின்னால் டி.வி. ஓடுவது கேட்டது.

“நீ சொன்னது தப்புன்னு எழுதிக் குடுப்பியா?”

“குடுக்கேன் சார்.”

“தகட்டுல எட்டுன்னு இருந்துச்சுன்னா?”

“அப்பவும் குடுக்கேன்.”

“சரியான ஆளும்மா நீ. ஏழு மணிக்கு வா. அரை மணி நேரம் தாரேன்.”

அப்போது நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. பிறகு யோசித்தபோதும் அதுதான் சரியென்று பட்டது. தகட்டில் எட்டு என்றே இருந்திருந்தாலும் நான் முந்தைய நாள் சொன்னது தவறுதான். அதிர்ஷ்டவசமாகப் பலித்திருக்கும், அவ்வளவே. வேலையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

காலையில் மேலே இருந்த மூன்று பெட்டிகளையும் தூக்கி இறக்கினார்கள். தூக்கும் வண்டி ஓட்டுநர் என்னைப் பார்க்காமலே திட்டிக்கொண்டிருந்தார். அந்தோணி அண்ணன் சுரண்டும் தகட்டோடு வந்தார். கதவின் இடது பக்கம் இருக்க வேண்டிய உலோகத் தகட்டின் மேலும் கெட்டியாகப் பெயின்ட் ஏறியிருந்தது.

“இதுக்கு மேல எதுக்கு அண்ணே அடிச்சீங்க?”

“கதவுக்கு பெயின்ட்னு எழுதியிருந்த. தகடு கதவுலதான இருக்கு? சன்னல்லயா இருக்கு?”

“பழைய நம்பர ஒரசும்போது பாக்கலியா?”

சுரண்டிக்கொண்டே சொன்னார். “பாத்தேன். எட்டு மாதிரியும் இருந்துச்சு, மூணு மாதிரியும் இருந்துச்சு. ஒன் பேப்பர்ல எட்டு. நீ கணக்குப் படிச்ச புள்ள. நான் எதுக்கு ஒன்ட்ட வந்து கேக்கப் போறேன்?”

இந்தப் பதில்தான் எனக்கு மற்றதையெல்லாம்விட அதிகம் வலித்தது. பார்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், சந்தேகமும் வந்திருக்கிறது. ஏழு இலக்கத்தை ஓரத்தில் காரணிப்படுத்திக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் போய் அதைச் சொல்ல அவருக்கு என்ன தேவை?

வலது பக்கத்திலிருந்து சுரண்டினார். பெயின்ட் சுருள் சுருளாக விழுந்தது. உலோகத்தில் அடித்த இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பூஜ்யம். இரண்டு. ஐந்து. ஏழு. அந்தோணி அண்ணன் கையை நிறுத்திவிட்டு, ஊதினார்.

“நீயே பாரு.”

வெளிச்சம் போதவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு இடத்தில் திறந்திருந்தது. மூன்று.

மேனேஜர் தகட்டைப் போனில் படம் எடுத்தார். “இது போதும். நான் பேசிக்கிடுதேன். நீ கேட்டுக்குப் போ.”

“நானும் வாரேன் சார். தகடு பெட்டி எதுன்னுதான சொல்லும். நான் எங்க தப்புனேன்னு சொல்லாதுல்லா.”

பத்து மணிக்கு அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், அதே பலகையில் இரண்டு கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒன்றின் கீழே மீதி 0, மற்றதின் கீழே மீதி 10. பிறகு இரண்டுக்கும் கட்டம் வரைந்து, இரண்டிலும் பூஜ்யம் போட்டேன். முந்தைய நாள் கால் மணி நேரம் பேசிய இடத்தில் அன்று இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்ப இந்த மாதிரி ஜோடி இன்னும் எத்தன இருக்கும்?” என்று கேட்டார் அதிகாரி.

“தெரியாது சார். கட்டத்துல பூஜ்யம் இருந்தா சந்தேகப்படணும்.”

புகார் போகவில்லை. மேனேஜர் பாஸை எடுத்து நீட்டினார். லாரி முதலாளி, ஒன்றும் நடக்காததுபோல, “நாளைக்குக் காலைல வண்டியில ஏறிருங்க” என்றார். அதிகாரி தகட்டின் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்தார். யாரும் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் எதுவும் சொல்லவில்லை.

நான் அவர் பின்னாலேயே வெளியே வந்தேன். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

அவர் பாஸைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். கோபமாக இல்லை. களைத்திருந்தார்.

“பதினோரு மணிக்குள்ள வந்து சொன்னியே தாயி, அது போதும். பாஸு வந்துட்டு, பெட்டியும் கெடச்சுட்டு. மாலையப் பத்திச் சொன்ன பாத்தியா, அது மட்டும் வேண்டாத பேச்சு.”

அவர் வெறுங்காலோடு சூடான தார் ரோட்டில் கேட்டைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு கேட்டில் சில விஷயங்கள் மாறின. கட்டத்தில் பூஜ்யம் இருக்கும் பெட்டிகளுக்கு மட்டும் இரண்டாவது பக்கத்து எண்ணையும் பார்க்கிறோம். எத்தனை வண்டி நின்றாலும் பக்கத்து வண்டியை நகர்த்தச் சொல்கிறோம். எண் புதிதாக எழுதும் முன் தகட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இவையெல்லாம் உங்கள் தாளில் இருக்கின்றன. தாளில் இல்லாதது ஒன்று. சந்தேகம் வந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்த விடை ஒத்துவருகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பிடிக்காத விடையையும் போட்டுப் பாருங்கள். 413752 என்பது எட்டு பெருக்கல் 51719. அந்த 51719 ஒரு பகா எண், அதற்கு மேல் உடையாது. அதில் படிக்கட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டியின் எண் அதுதான்.

அன்று அவர் போன பிறகு நான் கேட்டுக்குத் திரும்பினேன். அடுத்த வண்டி வந்து நின்றது. பெட்டி புதியது, எண் பளிச்சென்று இருந்தது. நான் அறையை விட்டு இறங்கிப் போய் ஓட்டுநரிடம், “என்ன நம்பர் பெட்டி கொண்டாந்திருக்கீங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எம்மா, அங்கன அம்மாம் பெருசா எழுதியிருக்குல்லா. வாசிக்கத் தெரியாதா?”

“தெரியாது அண்ணாச்சி. நீங்க சொல்லுங்க” என்றேன்.